மொட்டைக் கழுகும் புனுகுத் தாடியும்

முன்னொரு காலத்தில் வெண்கோட்டு நாட்டைச் சிங்கமுக பூபதி என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாரத்தைச் சுமந்தவர் வழுக்கைத்தலை மந்திரி நல்லசிவம். அவரைக் கண்டாலே சபைப் பிரமுகர் மதனகோபாலருக்கு வயிறெரியும். சபையில் மதனகோபாலருக்கு என்ன வேலை என்கிறீர்களா? தொப்புள் வரை தொங்கிய தாடிக்குப் புனுகு தடவி நீவிக்கொண்டிருப்பது.

பிறந்தநாளன்று பட்டத்து யானைக்கு ராஜாவே கவளம் ஊட்டுவது வழக்கம். அந்த வருஷம் கவளத்தோடு முத்திரை மோதிரமும் உள்ளே போயிற்று. கிழட்டு யானை, அந்த வாரமே செத்தும் போயிற்று. கோட்டைக்கு வெளியே கிடந்த அதன்மேல் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கின.

"சீ, என்ன அவலட்சணம்! தலையில் ஒரு இறகுகூட இல்லையே!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டான் ராஜா.

"நம் சபையிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, பிரபு" என்றார் மதனகோபாலர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் கிறுக்கு பிடித்துக்கொண்டது. "மந்திரியாரே, மொட்டைத் தலையால் என்ன பிரயோஜனம் என்று இன்றைக்கே காட்டும். இல்லையென்றால் பதவியை விட்டுப் போம்!"

ராப்பகலாய் உழைத்தவருக்குக் கிடைத்த மரியாதை இது.

"ஆகட்டும், அரசே. மோதிரம் யானை வயிற்றில்தானே? நானும் தாடிக்காரரும் ஆளுக்கொரு தடவை, கழுகு மாதிரியே தலையை உள்ளே விட்டுத் தேடுகிறோம்."

"நானா? பிரபு, என் தாடி..."

"போமய்யா!"

முதலில் தாடி போயிற்று. நிணமும் சாணமும் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது. மோதிரம் வரவில்லை. குடம் குடமாய் ஊற்றியும் நாற்றம் விடவில்லை, ஈயும் விடவில்லை. கடைசியில் நாவிதன் வந்து வழித்தெறிந்தான். அடுத்துப் போன மந்திரி மோதிரத்தோடு வந்தார். தலையில் ஒரு செம்புத் தண்ணீர், கொஞ்சம் வெயில். அவ்வளவுதான், பளிச்.

"கழுகும் இப்படித்தான், அரசே. ஆண்டவன் ஒரே நாளில் மழித்துவிட்ட தலை இல்லை அது. பிணத்துக்குள் தலைவிடும் பறவைக்கு இறகு அடர்ந்திருந்தால் அழுக்கு ஒட்டும், நோய் பிடிக்கும், சாகும். இறகு குறைந்தது பிழைத்துக் குஞ்சு பொரிக்கும். தலைமுறை தலைமுறையாய் அப்படிக் கழிந்து கழிந்து வந்த மொட்டை. வயிறோ, அழுகல் விஷத்தையும் ஜீரணித்துவிடும். அது இல்லாவிட்டால் ஊரே நாறும்."

"பலே!" என்று முத்துமாலையைக் கழற்றிப் போட்டான் ராஜா. "அழுக்கு ஒட்டாத தலை, விஷம் செரிக்கும் வயிறு! இனி அரண்மனையில் எது நாறினாலும் உம்மிடம்தான்!"

சொன்னபடியே செய்தான். ராஜாவின் மைத்துனன் செய்த திருட்டும், தம்பி வாங்கிய லஞ்சமும் மந்திரி வாசலில்தான் வந்து விழுந்தன. மதனகோபாலர்? மறுபடி தாடி வளர்த்து, மறுபடி புனுகு தடவினார்.

மந்திரியின் மனைவி வடிவாம்பிகை ஒருநாள் அந்த மாலையைத் தூசி தட்டி மாட்டிவிட்டுச் சொன்னாள்: "கழுகாவது தின்று முடித்ததும் பறந்துவிடும். உங்களுக்கு இறக்கையும் இல்லையே."