விரதம் இருந்த முதலாளி

குளக்கரையில் ஒரு நரி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது. சமையலுக்குக் கரடி, பரிமாறக் கொக்கு, கல்லாவில் நரி.

அந்தக் கடையில் சாம்பார் மிஞ்சினால் கொட்டக் கூடாது. மறுநாள் தண்ணீர் ஊற்றி, மிளகாய்ப்பொடி தூவி, ஒரு பிடி கறிவேப்பிலை போட்டுக் கொதிக்க விட வேண்டும். "கொதிச்சா எல்லாமே புதுசுதான்!" என்பது நரியின் சித்தாந்தம். நல்ல சித்தாந்தம், போங்கள்!

மதியமானால் கரடியும் கொக்கும் அக்கரைக்குப் போய்க் கிழங்கு தின்றுவிட்டு வரும். ஒருநாள் சாப்பிட வந்த யானை இதைக் கவனித்துவிட்டது.

"ஏம்ப்பா கொக்கு, எங்கே போயிட்டு வர்றீங்க?"

"சாப்பிடத்தாண்ணே."

"இங்கேயே சாப்பிடலாமே?"

கொக்கு தன் காலையே பார்த்தது. யானை இலையை மூடிவிட்டு எழுந்தது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது.

நரிக்கு வந்ததே கோபம்! "என் மானத்தை வாங்கிட்டீங்களே! நாளையிலிருந்து முதல் வரிசையில உக்காந்து நம்ம சாப்பாட்டைத்தான் திங்கணும். சிரிச்சுக்கிட்டே திங்கணும்! இல்லேன்னா வேலை கிடையாது!"

கரடி கணக்குப் போட்டுப் பார்த்தது. வேலை போனால் குட்டிகள் பட்டினி. வேலையில் இருந்தால் அந்தச் சாம்பார்! மறுநாள் காலை, நரி வருமுன் பழசைக் கொட்டிவிட்டுப் புதிதாகவே சமைத்தது.

மதியம் கரடியும் கொக்கும் ரசித்துத் தின்றன. அதைப் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. யானைகூட வந்து உட்கார்ந்தது.

"பார்த்தியா! மூஞ்சியில சிரிப்பு இருந்தாப் போதும். சரக்கு எப்படி இருந்தா என்ன!" என்று நரி கொக்கின் காதில் கிசுகிசுத்தது.

"முதலாளி, நீங்களும் வந்து ஒரு வாய் சாப்பிடுங்க!" என்று யானை கூப்பிட்டது.

நரிக்கு வியர்த்துவிட்டது. "அது... இன்னிக்கு எனக்கு விரதம்!"

யானையின் துதிக்கை பாதியில் நின்றது. எல்லாரும் இலையை மூடப் போனார்கள்.

கரடியால் பொறுக்க முடியவில்லை. "உக்காருங்க! முதலாளி பயப்படுறது நேத்துச் சாம்பாருக்கு. அதை நான் கொட்டியாச்சு. நானே திங்கணும்னு ஆனதும் பழசைக் கிளற மனசு வரலை. இத்தனை நாள் உங்களுக்கு அதைத்தானே போட்டேன், மன்னிச்சிடுங்க!"

யானை ஒரு கவளம் வாயில் போட்டுப் பார்த்தது. "அடடா! இன்னும் ஊத்து!" என்றது. பானை மளமளவென்று காலியானது. வாசனை நரியின் மூக்கைத் துளைத்தது.

"கொக்கு, எனக்கும் ஒரு இலை போடேன்..."

"ஐயையோ, விரதத்தைக் கெடுக்கலாமா, முதலாளி!" என்று சொல்லிக்கொண்டே கொக்கு கடைசிக் கரண்டியை யானையின் இலையில் ஊற்றியது.

தான் தின்னத் துணியாததை அடுத்தவர் இலையில் பரிமாறாதிருப்பதே சாப்பாடு போடும் தொழிலுக்கு முதல் தர்மம்.