சவரி என்ற பாதிப் பெயர்

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதரோடு பேசும். அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய புதிது. புகையிலை விளையும் ஓர் ஆற்றங்கரையில் ஹன்னா என்ற ஆங்கிலேயப் பெண் ஒப்பந்த வேலைக்காரியாக இருந்தாள். அவள் கணவன் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவன். அவன் பெயர் எசமான் ஹார்வுட்டின் வாயில் நுழையவில்லை. டாம் என்று வைத்துவிட்டார். ஹன்னாவும் அப்படியே கூப்பிட்டாள்.

ஆண் குழந்தை பிறந்த பத்தாம் நாள், பதிவேடு எழுதுபவர் வந்தார். டாம் சிப்பி அள்ள அக்கரைக்குப் போயிருந்தான்.

“தகப்பனுக்குக் குடும்பப் பெயர் என்ன?”

“டாம் என்பார்கள், ஐயா.”

“அது கூப்பிடுகிற பெயர். குடும்பப் பெயர் இல்லையென்றால் எசமான் பெயரில்தான் பிள்ளையை எழுதுவேன். முப்பது வயது வரை அவருக்கே உழைக்க வேண்டியதுதான்.”

ஹார்வுட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்று வருடம் கூட வாழ்ந்தவனின் பெயர் தெரியவில்லையே என்று ஹன்னா கூசிப்போனாள். “சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்” என்று எழுத்தருக்கு ரொட்டியை வைத்துவிட்டு, நாணல் பக்கம் ஓடினாள். அங்கே ஒரு காட்டு வாத்து மேய்ந்துகொண்டிருந்தது.

“அக்கரைக்குப் போய் என் கணவனைக் கேள். அவன் அம்மா வைத்த பெயர் எனக்கு வேண்டும். சீக்கிரம்!”

வாத்து பறந்தது. எழுத்தர் கை கழுவும்போது திரும்பி வந்தது.

“சவரி” என்றது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

ஹன்னா உள்ளே போய், ஹார்வுட்டைப் பார்க்காமல் சொன்னாள்: “சவரி. என் பிள்ளை ஜான் சவரி.” எழுத்தர் எழுதி மை உலர்த்தினார். ஹார்வுட் எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் வந்த டாம் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். “என் பெயர் சவரிமுத்து. முத்து என்று சொல்லி முடிப்பதற்குள் வாத்து கிளம்பிவிட்டது.”

“ஐயோ, போய் மாற்றச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். பாதியே பிள்ளையை மீட்டுவிட்டது.” குழந்தையை வாங்கிக்கொண்டான். அதன் காதில் மட்டும் முழுப் பெயரையும் சொன்னான்.

வெளியே நின்ற வாத்துக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று முதல்தான் அந்த வம்சத்துக்குச் சவரி என்பது குடும்பப் பெயர். அன்று முதல்தான் காட்டு வாத்தும், ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று, ஒரு முறை கத்தியதை மறுபடியும் கத்திக்கொண்டே பறக்கிறது.