ஒண்டி போட்ட கணக்கு

அந்தக் காலத்தில் எலக்ட்ரான்களும் பேசின. அணுக்கருவைச் சுற்றி வரிசை வரிசையாக உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருந்தன.

சோடியம் வீட்டின் கருவில் பதினொரு புரோட்டான்கள். வெளியே பதினொரு எலக்ட்ரான்கள். கருவை ஒட்டி இரண்டு பேர், அடுத்த வரிசையில் எட்டுப் பேர், மூன்றாம் வரிசையில் தனியாக ஒருவன். அவனை ஒண்டி என்றே கூப்பிட்டார்கள்.

கருவின் இழுப்புதான் எலக்ட்ரானுக்குப் பிடிமானம். ஒண்டிக்கு அது போதவில்லை. எந்த நேரம் வீட்டைவிட்டு விழுவோமோ என்றிருந்தது. கரு தனக்கு மட்டும் குறைத்து அனுப்புகிறது என்று எண்ணி அதனோடு பேசுவதையே விட்டிருந்தான். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டான். புரோட்டானுக்கு ஒரு பங்காக எல்லாருக்கும் பதினொன்றுதான் அனுப்புகிறேன் என்றது கரு.

அப்படியானால் நடுவில் எங்கே போகிறது? அது தெரியாமல் ஒண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எலக்ட்ரானுக்கு எலக்ட்ரான் ஆகாது. ஒன்றை ஒன்று தள்ளும். யார் எவ்வளவு தள்ளுகிறார்கள் என்று கவனித்தான். ஒரே வரிசைக்காரன் இழுப்பில் 0.35 கெடுத்தான். கருவின் பக்கமாக ஒரு வரிசை முன்னால் இருப்பவன் 0.85. அதற்கும் உள்ளே இருப்பவன் முழுசாக ஒன்று. பின்னால் இருப்பவன் எதையும் கெடுப்பதில்லை.

ஒண்டியின் வரிசையில் வேறு ஆளில்லை. எட்டுப் பேரால் 6.8, உள்ளே இருவரால் 2. பதினொன்றில் 8.8 போக அவனிடம் வந்து சேர்ந்தது 2.2.

எட்டுப் பேரிடம் போய்ச் சற்று விலகி வழிவிடச் சொன்னான். அவர்களில் மூத்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ இருந்தாலும் எங்களுக்கு ஆளுக்கு 6.85. நீ போனாலும் அதே 6.85. உனக்கு எதற்கு வழிவிட வேண்டும், தம்பி?"

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். ஒண்டி கணக்கைப் போட்டுப் பார்த்தான். அவர்களில் ஒருவனுக்கு வரிசையில் மற்ற ஏழு பேரால் 2.45, முன்னால் இருவரால் 1.7 போக மீதி 6.85; பின்னால் இருக்கும் ஒண்டி கணக்கிலேயே வரவில்லை. மூத்தவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதுதான் தைத்தது.

பக்கத்தில் குளோரின் வீடு. கருவில் பதினேழு, கடைசி வரிசையில் ஏழு பேர், ஓர் இடம் காலி. அங்கே உட்கார்ந்தால் பக்கத்து ஏழு பேரால் 2.45 போகும், முன்னால் எட்டுப் பேரால் 6.8, உள்ளே இருவரால் 2. மீதி 5.75. இரண்டு முறை சரிபார்த்துவிட்டு எழுந்தான்.

"நான் அனுப்பியது பதினொன்று, ஒண்டி" என்றது கரு.

"நம்புகிறேன் பெரியவரே. வந்தது ரெண்டேகால்கூட இல்லை."

தாண்டிவிட்டான்.

எட்டுப் பேருக்கும் அதே 6.85 வந்துகொண்டிருந்தது. ஆனால் கருவில் பதினொன்று, வெளியே பத்தே பேர்; வீட்டில் இப்போது ஓர் ஆளுக்கான இழுப்பு மிச்சம். அது சும்மா இருக்குமா? சிரித்தவர்களையும் சேர்த்து வீட்டையே இழுத்துக்கொண்டு போய், ஓர் ஆள் கூடிப்போன குளோரின் வாசலில் நிறுத்தியது. மூத்தவன் கூப்பிட்டுப் பார்த்தான். ஒண்டி முகம் கொடுக்கவில்லை.

அன்று முதல்தான் சோடியம் குளோரினை ஒட்டிக்கொண்டு உப்பாகக் கிடக்கிறது. தண்ணீரில் போட்டால் இரண்டும் பிரியும், ஒண்டி மட்டும் பழைய வீட்டுக்குத் திரும்புவதில்லை.