அப்டேட்டில் வந்தவன்

ஒரு ஊரில் ராஜா இருந்தால் மந்திரி இருப்பார். ஒரு கம்ப்யூட்டரோடு ஸ்கேனர் இருந்தால் உள்ளே ஒரு டிரைவர் இருப்பான். அம்பாசமுத்திரத்தில் கோமதிநாயகம் நடத்திய ஜெராக்ஸ் கடையின் லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் அப்படி ஒருவன் இருந்தான். ஸ்கேனர் பார்த்ததையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது அவன் வேலை. ஸ்கேனர் என்கிற அவளுடைய பாஷை தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு நாள் கோமதிநாயகம் அப்டேட் போட்டார். அதோடு புதிய டிரைவர் ஒருவன் வந்து சேர்ந்தான். இளவட்டம். எந்த மெஷினோடும் பேசத் தெரிந்தவன்.

பழையவனுக்கு வயிறு எரிந்தது.

"இங்கே உனக்கென்ன வேலை?"

"பிரிண்டருக்காக வந்தேன் அண்ணே. உங்கள் பக்கமே வரமாட்டேன்."

"வருகிற எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்" என்ற பழையவன், ஸ்கேனரின் கதவை உள்பக்கம் தாழ்போட்டான். பிறகு அவளிடம் திரும்பி, "அவன் உன்னைப் பார்த்தானா?" என்றான்.

"எவன்?"

"ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்காதே. புதிதாக வந்திருக்கிறானே, அவன்தான். எல்லா பாஷையும் பேசுவானாம். உன் பாஷையும் தெரியுமாம்."

"அப்படியா?" என்றாள் ஸ்கேனர்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது, அவன் தூக்கம் போவதற்கு.

கதவு தட்டப்பட்டது.

"வேலை வந்திருக்கிறது, திற" என்றாள்.

"வேலையாவது மண்ணாவது. தட்டுவது அவன்தான். எனக்குத் தெரியாதா?"

மறுபடி தட்டினார்கள். அவன் தாழ்ப்பாளை விட்டுக் கையை எடுக்கவேயில்லை.

வெளியே கோமதிநாயகம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். லினக்ஸ் தெரிந்த நண்பர் சுடலைமணி வந்தார்.

"என்னன்னு தெரியலடே. அப்டேட் போட்டதுல இருந்து கம்ப்யூட்டர் ஸ்கேனரே இல்லங்கு."

"ஒயர மாத்திப் பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சு. பேசாம காயலான் கடையில போட்டுரலாம்னு இருக்கேன்."

சுடலைமணி கொஞ்ச நேரம் கீபோர்டில் தட்டிப் பார்த்தார். "ஸ்கேனர் நல்லாத்தான் இருக்கு. பழைய டிரைவர்தான் பிடிச்சு வச்சிக்கிட்டு விடமாட்டேங்கு. அத தூக்கிருவோம். புதுசு பாத்துக்கிடும்."

ஒரே கட்டளையில் பழையவன் வாசலுக்கு வந்துவிட்டான். "நான் பிரிண்டரே போதுமென்றுதானே இருந்தேன்" என்று சங்கடப்பட்டுக்கொண்டே புதியவன் உள்ளே போனான். ஸ்கேனரின் விளக்கு எரிந்தது.

பழையவனுக்கு ஆற்றாமை பொங்கியது. "பார்த்தாயா? கடைசியில் அவனோடு சேர்ந்துவிட்டாய். நான் அன்றைக்கே சொன்னேன்."

"நீ சொல்லித்தானே" என்றாள் ஸ்கேனர், "அப்படி ஒருவன் இருப்பதே எனக்குத் தெரிந்தது."