'டக்'குக்கு அப்புறம்

"ஏனுங்க அம்மணி, எவ்வளவு இறுக்குனா நான் நிம்மதியாத் தூங்கலாம்?"

சாந்தாமணி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"போல்ட்டுக்கும் உங்க தூக்கத்துக்கும் என்னங்ணா சம்பந்தம்?"

கேட்டவர் நஞ்சப்பன். ஐம்பதைத் தாண்டியவர். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளின் இன்ஜின்களைப் பிரித்து மேய்ந்த ஆள். சாந்தாமணி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனால் கோயமுத்தூரில் பந்தயக் கார் இன்ஜின் என்று வந்துவிட்டால் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

நஞ்சப்பனின் ஒரே மகள் மேகலா. அவள் பந்தயக் கார் ஓட்டக் கிளம்பியதும், "என்ற புள்ள உக்கார்ற வண்டியில இன்னொருத்தன் கை படக் கூடாது" என்று சொல்லிக்கொண்டு, மனிதர் நேராக இந்தப் பட்டறைக்கு வந்து சிஷ்யனாகச் சேர்ந்துவிட்டார். வீம்புதான். வீம்புக்கு அடியில் அத்தனையும் பயம்.

பயம் என்றால் சாதாரணப் பயமா! வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மகளின் ஹெல்மெட் வாரை அவள் தாடை சிவக்கிற வரை இழுப்பார்.

"அப்பா, மூச்சு முட்டுது."

"இரு சாமி, இன்னொருக்கா பாத்துக்கறேன்."

இப்படிப்பட்ட மனிதர்.

இன்ஜின் ஸ்டாண்டில் மல்லாந்து கிடந்தது. பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்கோடு பிணைக்கும் ராடுகளில், வண்டியோடு வந்த போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அதைவிடக் கெட்டியான போல்ட்டுகளைப் போன வாரம்தான் மாட்டியிருந்தார்கள். இன்றைக்கு அடிமூடியைப் போட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். நாளைக்குப் பந்தயம்.

"கெட்டி போல்ட்டுதானுங்களே. அப்பவும் எனக்கு மனசு ஒப்பலீங்" என்றார் நஞ்சப்பன்.

சாந்தாமணி கையைத் துணியில் துடைத்தாள்.

"சரி. இந்த போல்ட்டு எப்பங்ணா அறுந்து போகும்?"

"இதென்ன கேள்வி! புள்ள ஆக்சிலேட்டரை ஒரே மிதியா மிதிக்கறப்ப. உள்ள வெடிச்சு பிஸ்டனைக் கீழ அமுக்கறப்ப."

"இல்லீங்."

"பின்னே?"

"அமுக்கறதை ராடு தாங்கிக்கும். போல்ட்டுக்கு அங்க வேலையே இல்லை. முழு வேகத்துல போயிட்டு, மிதிச்ச காலை எடுக்கறாங்க பாருங்க, அப்பத்தான்."

"காலை எடுக்கறப்பவா!"

"உள்ள வெடிப்பு இல்லை. மேல ஏறுற பிஸ்டனைத் தடுக்க ஒண்ணுமே இல்லை. அது பிச்சுக்கிட்டுப் போகப் பாக்கும். ஒரு ராடுக்கு, இழுத்துப் புடிக்கறது இந்த ரெண்டு போல்ட்டு மட்டும்தான்."



"அம்மணி, ஒவ்வொரு பந்தயத்துக்கும் நான் புள்ளகிட்ட என்ன சொல்லி அனுப்பறேன், தெரியுமுங்களா?"

"சொல்லுங்."

"'பயமா இருந்தா காலை எடுத்துரு சாமி'ன்னு."

"நல்லதைத்தான் சொல்லியிருக்கீங்க. எடுக்கட்டும். போல்ட்டு நல்லா இருந்தா தாங்கும்."

நல்லா இருந்தா. நஞ்சப்பன் இன்ஜினைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். திரும்ப இன்ஜினைப் பார்த்தார்.

சாந்தாமணி அவரைப் பார்த்தாள்.

"அண்ணா. கை வெச்சீங்களா?"

"இல்லீங்களே."

"அண்ணா!"

"கொஞ்சமா."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

நஞ்சப்பன் மேசையிலிருந்த ஸ்பானரைப் பின்னால் தள்ளி வைத்தார்.

"அளவு வந்ததும் டார்க் ரெஞ்ச் 'டக்'குங்கும், அதோட நிறுத்துங்கன்னு சொன்னீங்க. நிறுத்தினனுங்க, சத்தியமா. ஆனா மனசு கேக்கலை. இந்தப் பக்கம் போறப்ப வர்றப்ப, சாதா ஸ்பானர்ல ஒரு இழு. சின்ன இழுதானுங்க! அதுல பாருங்க, முதல்ல கல்லு மாதிரி இருந்துச்சு. நேத்து சுளுவா சுத்திருச்சு. ஆகா, நல்லா ஒக்காந்துருச்சுடான்னு, நேத்துத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்."

துணி சாந்தாமணியின் கையிலிருந்து விழுந்தது.

இவள் அதிர்ந்து நஞ்சப்பன் பார்த்ததே இல்லை. இன்ஜின் நடுவழியில் வெடித்து வந்தபோதுகூட "சரி, இறக்குங்க" என்று டீ குடித்தவள். இப்போது முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

அவள் ஒரு போல்ட்டைக் கழற்றினாள். மேசையில் வைத்தாள். மைக்ரோமீட்டரை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே பாருங்."

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வந்த அன்றைக்கு அவரே அளந்த போல்ட். அன்றைக்கு இருந்ததைவிட இரண்டு தலைமுடி கனத்துக்கு நீண்டிருந்தது.

"தடவிப் பாருங்."

நகத்தால் தடவினார். நடுவில் ஓரிடத்தில் நகம் பள்ளத்தில் இறங்கியது. போல்ட்டுக்கு இடுப்பு விழுந்திருந்தது.

"ஐயோ! கழட்டி வெச்சா மறுபடி பழைய அளவுக்கு வந்துருமுங்களா?"

"வராதுங்ணா. இழுத்த போல்ட்டு திரும்பிச் சுருங்கப் பாக்கும். அந்தத் துடிப்புதான் புடிப்பு. இது இனித் துடிக்காது."

"அப்ப நேத்து சுளுவா சுத்துனது?"

"ஒக்காரலீங். செத்துருச்சு."

நஞ்சப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு நீள நேர் ரோட்டில் பறந்து போய், வளைவு வந்ததும் பயந்து, அப்பா சொன்னாரே என்று மகள் காலை எடுக்கிறாள். அது அவர் கண்ணுக்குள் ஓடியது.

"நானே என்ற புள்ளையக் கொன்னு போடப் பாத்தனே!" என்று வாய்விட்டு அழுதார்.

சாந்தாமணி மீதி போல்ட்டுகளையும் கழற்றி, ஒவ்வொன்றாகக் கழிவு டின்னில் போட்டாள். ஒவ்வொன்று விழும்போதும் நஞ்சப்பனின் தோள் தூக்கிப் போட்டது.

பிறகு அலமாரியைத் திறந்தாள். உள்ளே அதே போல்ட்டில் இன்னொரு செட், உறை பிரிக்காமல்.

நஞ்சப்பன் அழுகையை நிறுத்தினார்.

"ரெண்டு செட்டா வாங்குனீங்க?"

"ஒண்ணு இன்ஜினுக்கு. ஒண்ணு உங்களுக்கு."

"எனக்கா?"

"சேர வந்த அன்னைக்கே வாசல்ல பாத்தேன். பைக்கைப் பூட்டிட்டு, திரும்பப் போயிப் பூட்டைப் பாத்து, உள்ள வந்து, மறுபடியும் போனீங்க. ஒண்ணு ரெண்டைக் கெடுப்பீங்கன்னு நெனச்சேன், எல்லாத்தையும்னு நெனைக்கலீங்."

ராடு துளை வட்டம் குலையாமல் இருக்கிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று அளந்து பார்த்துத் திருப்தியான பிறகு, டார்க் ரெஞ்சை அவரிடம் நீட்டினாள்.

"நானுங்களா!" நஞ்சப்பன் பின்னால் நகர்ந்தார். "வேண்டாம் அம்மணி, உங்க கால்ல வேணா விழறேன். நீங்களே போட்டுருங்."

"இன்னொருத்தன் கை படக் கூடாதுன்னீங்களே. புடிங்."

பிடித்தார். இழுத்தார்.

டக்.

ரெஞ்ச் போல்ட்டிலேயே இருந்தது. கையும் ரெஞ்சிலேயே இருந்தது. முழங்கை அரித்தது. இன்னும் ஒரே ஒரு சின்ன இழு. யாருக்குத் தெரியப் போகிறது?

சாந்தாமணி ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போல்ட்டைப் பார்க்கவில்லை.

நஞ்சப்பன் கையை எடுத்தார். அடுத்த போல்ட்டுக்குப் போனார். நான்கு ராடுகளின் எட்டு போல்ட்டுகளும் முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து பார்த்துவிட்டு அடிமூடியைப் போட்டு மூடினாள்.

மறுநாள் பந்தயத் திடலில், மேகலா காரில் உட்கார்ந்து வழக்கம்போலத் தாடையைத் தூக்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்பா வாரை இழுக்கப் போகிற இழுப்புக்கு அப்படித்தான் தயாராவாள்.

நஞ்சப்பன் வாரை மாட்டினார். அளவாக இழுத்தார். கையை எடுத்துக்கொண்டார்.

மேகலா காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அப்பா?"

"என்ன சாமி?"

"உள்ள ராடு போல்ட்டெல்லாம் இறுக்கியாச்சுதான?"

"ஆச்சு."

"இன்னொருக்கா இறுக்கிப் பாத்தீங்களா?"

"இல்ல."

அவளுக்கு மற்றக் கண்ணும் திறந்துகொண்டது.

"ஒருக்காகூடவா?"

"ஒருக்காகூட."

"ஐயோ! அப்பா, உடம்புக்கு என்ன பண்ணுது உங்களுக்கு?" பதறிப்போய் சாந்தாமணியைப் பார்த்தாள். சாந்தாமணி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விளக்கு எரியப் போகிறது என்று அறிவித்தார்கள். நஞ்சப்பன் காரை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பயமா இருந்தா காலை எடுத்துரு சாமி" என்றார். "தாங்கும்."