பேரைப் பிடுங்கிய பை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, பாதி வருஷம் பனி கொட்டுகிற ருஷ்ய தேசத்தை ரஸ்திஸ்லாவ் என்றொரு ராஜா ஆண்டான். கடலுக்கு அப்பாலிருந்து எல்ஃப்ரீடா என்ற இளவரசியை ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கொள்ளக் கூட்டிவந்தான். ஆனால் அரண்மனையிலே தீகோன் என்று ஒரு மந்திரவாதி இருந்தானே, படுபாவி!

எல்லையில் அவள் வண்டியை விட்டு இறங்கினாளோ இல்லையோ, அவன் ஒரு பையை விரித்தான்.

"உங்க பேரை இதிலே போடுங்க, அம்மணி. இனிமே நீங்க பெலகேயா. இது இந்த நாட்டு வழக்கம். உங்களுக்கு என்ன தெரியும்?"

ராஜா பேசாமல் நின்றான். வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான், பேர் பைக்குள் போய்விட்டது. எவ்வளவு யோசித்தும் அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

கல்யாணத்தன்று மறுபடியும் பை.

"உங்க தாய்மொழியைப் போடுங்க, அம்மணி. இது இந்த நாட்டு வழக்கம். உங்களுக்கு என்ன தெரியும்?"

ராஜா பேசாமல் நின்றான். அவள் தலையாட்டினாள். அம்மா பாடின பாட்டில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

இத்தனையும் கொடுத்தாளே, நல்ல பெண் என்று ஒருத்தராவது சொன்னார்களா? மூச்! குதிரை நொண்டினால் அந்நியக்காரி வந்த ராசி. கோதுமை கருகினால் அந்நியக்காரி வந்த ராசி. ஏனய்யா, அவளாகவா வந்து குதித்தாள்? நீங்கள்தானே போய்க் கூட்டிவந்தீர்கள்!

அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சபையே பார்க்க வந்தது. ராஜாவும் தொட்டில் பக்கத்தில் நின்றான். தீகோன் வாசற்படிக்கு வெளியே நின்று பையை விரித்தான்.

"அந்நியக்காரி வளர்த்தால் இளவரசன் உருப்படமாட்டான். பிள்ளையை இதிலே போடுங்க, அம்மணி. இது இந்த நாட்டு வழக்கம். உங்களுக்கு என்ன..."

"எனக்கா தெரியாது?" ராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "குத்திக் குத்திக் காட்டியே அத்தனை வழக்கத்தையும் கத்துக்க வச்சுட்டியே! வாசப்படிக்கு உள்ளே ஒருத்தர் வெளியே ஒருத்தர் நின்னு எதையும் கைமாத்தக் கூடாது. உள்ளே வா!"

அவன் வந்தான்.

"வீட்டுக்கு வந்தவன் ரொட்டியும் உப்பும் சாப்பிடணும். சாப்பிட்டவன் அந்த வீட்டுக்குக் கெடுதல் நினைக்கக் கூடாது. இந்தா, சாப்பிடு!"

"எனக்குப் பசியில்லை" என்று தீகோன் பின்வாங்கினான்.

"என்ன தீகோன், நீயே வழக்கத்தை மீறலாமா?" என்று சபை முழுக்கக் கூச்சல் போட்டது. வேறு வழி? முழுங்கினான். முழுங்கின மாத்திரத்தில் பை டர்ரென்று கிழிந்தது. பேர் வந்தது, பேச்சு வந்தது, அம்மா பாட்டு மொத்தமும் வந்தது. கெடுதல் செய்ய முடியாத மந்திரவாதிக்கு அரண்மனையில் என்ன வேலை? அவன் ஓடியே போனான்.

"பெலகேயா!" என்று ராஜா ஆசையாக ஓடிவந்தான்.

"என் பேர் எல்ஃப்ரீடா. மூணு தடவையும் பக்கத்திலேதானே நின்னீங்க? வாய் எங்கே போச்சு?"

ராஜா தலையைத் தொங்கப்போட்டான். அப்புறம் சபை முன்னாலேயே, தட்டுத் தடுமாறி, சரியாக வரும்வரை அந்தப் பேரைச் சொல்லிப் பழகினான். இன்றைக்கும் அந்த ஊரில் ஒரு மருமகள் வந்து இறங்கினால், மாமியார் முதற்கொண்டு எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்:

"உன்னை உங்க வீட்டிலே எப்படிம்மா கூப்பிடுவாங்க?"