தண்ணீர்ப் பீப்பாய்க் காவல்

"பாவா, என் தம்பி இந்தப் பீப்பாயில கை வச்சா நான் அவனைச் சுடணுமா?"

கேட்டவன் சடையன், போர்க்கப்பல் சிப்பாய். எதிரியைச் சுடத்தான் போகிறோம் என்று நம்பிப் பாய்மரக் கப்பலில் ஏறியவன். ஏறிய பிறகுதான் தெரிந்தது, கப்பல் சிப்பாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு என்று. சொந்தக் கப்பலின் மாலுமிகள் துள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாவிக் காற்று எங்கே போய்த் தொலைந்ததோ, கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டது. துரைமாருக்குக் குளிக்கவும் தண்ணீர் இருந்தது. மாலுமிகளுக்கு நாக்கு நனைய மட்டும். அவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். சடையனின் தம்பி பேச்சிமுத்துவும் அவர்களில் ஒருவன்.

பாவா ஒரு பக்கிரி. வயதில் சடையனுக்கு இளையவர். துரைமாரிடம் சிப்பாயாகப் போகாதீர்கள் என்று கரையெல்லாம் பாடித் திரிந்தவரைப் பிடித்துவந்து, பீப்பாய்க்குப் பக்கத்திலேயே சங்கிலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே ஆள் காவல் போதும் பாருங்கள், அந்தச் சிக்கனம்!

"சொல்லுங்க பாவா. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஒரு இடத்துல நிக்க முடியல."

"நீங்க இங்க என்ன பண்றீங்கண்ணே?"

"காவல்ல இருக்கேன், தெரியலையா?"

"நானும் காவல்லதான் இருக்கேன்."

"விளையாடுற நேரமா இது? நீங்க கைதி. நான் காவல்காரன்."

"நான் எழுந்து போனா?"

"முதுகுத்தோலை உரிச்சிடுவாங்க."

"நீங்க போனா?"

சடையன் எரிச்சலோடு துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"தாகமா இருக்காண்ணே?"

"நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு."

"தண்ணி கைக்கெட்டுற தூரத்துலதானே இருக்கு?"

"தொடக்கூடாது."

"எனக்கும் அதே உத்தரவுதான்."

அதற்குள் மாலுமிகள் கூட்டமாக வந்துவிட்டார்கள். முன்னால் பேச்சிமுத்து, கையில் சிரட்டை. அண்ணன் முகத்தைப் பார்க்காமலே மூடியைத் தள்ளிவிட்டுப் பீப்பாய்க்குள் கையை விட்டான்.

"சுடு!" மேல்தளத்திலிருந்து துரை கத்தினான்.

சடையன் துப்பாக்கியைத் தூக்கினான். தம்பியின் நெஞ்சுக்கு நேராகக் குழலை நீட்டினான். ஐயோ, இந்தக் கையால்தானே அவனுக்குச் சோறு ஊட்டினேன் என்று நினைத்துக்கொண்டான்.

பாவா தான் உட்கார்ந்திருந்த பலகையில் சற்று நகர்ந்து, இன்னோர் ஆளுக்கு இடம் விட்டார்.

"சுடுறியா, இல்லையா?" துரை மறுபடியும் கத்தினான்.

சடையன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். போய்ப் பாவாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தம்பி, எனக்கும் ஒரு வாய் மொண்டு குடுடா."